திரை கறுப்பாக நிற்கிறதா? ஓப்பன்பொக்ஸ் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

திருகோணமலை உப்புவெளியில் பிள்ளைகளுக்குக் கணினி பழக்கும் எங்கள் அறையில் பன்னிரண்டு பழைய இயந்திரங்கள் இருக்கின்றன. சிலவற்றில் ரம் 1 ஜிபி, சிலவற்றில் 2 ஜிபி. பெரிய டெஸ்க்டொப் சூழல் எதைப் போட்டாலும் பிரவுசர் திறப்பதற்கு முன்பே இயந்திரம் இளைக்கத் தொடங்கிவிடும். அதனால் எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, அதன்மேல் ஓப்பன்பொக்ஸ் என்ற சாளர முகாமைச் செயலியை மட்டும் வைத்திருக்கிறோம். சாளரத்துக்குச் சட்டம் போடுவது, நகர்த்துவது, பெரிதாக்குவது, மூடுவது, இவ்வளவுதான் அதன் வேலை. 2002இல் பிளாக்பொக்ஸ் என்ற செயலியின் நிரலை வைத்துத் தொடங்கி, மூன்றாம் பதிப்பில் முழுதாகப் புதிதாய் எழுதப்பட்டது. நாங்கள் மூலநிரலிலிருந்து கட்டுவது 2015இல் வந்த 3.6.1.

முதலில் போட்டது டிடபிள்யூஎம் என்ற வேறொரு சாளர முகாமைச் செயலி. அது இன்னும் சிறியது, இன்னும் வேகமானது. ஆனால் 'வேலை' என்று பெயர் வைத்த கோப்பைத் திறந்தபோது மேற்பட்டையில் வகரம் முதலில் நின்றது, இரட்டைக்கொம்பு அதற்கு வலப்பக்கம் போய் ஒட்டியிருந்தது. லகரத்துக்கும் அதே கதி. எழுதப் பழகும் பிள்ளைக்கு முன்னால் அப்படி ஒரு எழுத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் எளியது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது யாராவது அதை எடுத்து முன்னால் வைக்கவேண்டும். டிடபிள்யூஎம் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைகிறது. ஓப்பன்பொக்ஸ் அந்த வேலையை பாங்கோ என்ற லைப்ரரியிடம் கொடுக்கிறது. பாங்கோவுக்குத் தமிழ் தெரியும். நாங்கள் ஓப்பன்பொக்ஸுக்கு வந்தது இதற்காக.

வெறுமனே பயன்படுத்த மட்டும் விரும்புகிறவர்கள் டெபியனின் பொதியையே நிறுவிக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. சாளர மெனுவில் தமிழ்ச் சொற்களைச் சேர்க்க ஆசைப்பட்டதால்தான் நாங்கள் மூலநிரலிலிருந்து கட்டுகிறோம். கீழே வரும் பிழைகளில் பாதி அப்படிக் கட்டுகிறவர்களுக்கு, மீதி எல்லோருக்கும்.

கட்டளைப் பெயர்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கடவுச்சொல் கொடுத்தேன், கறுப்புத் திரை வந்தது, வேறு ஒன்றும் இல்லை

அதிகம் கேட்கிற கேள்வி என்பதால் இதை முதலில் வைக்கிறேன். பதற்றப்படாமல் மவுஸை அசையுங்கள். அம்புக்குறி அசைகிறதா? சரி, இப்போது வெற்றுத் திரையில் வலது பொத்தானை அழுத்துங்கள். ஒரு மெனு விரிந்தால் உங்கள் ஓப்பன்பொக்ஸ் நூற்றுக்கு நூறு சரியாக வேலை செய்கிறது. அது பின்னணிப் படம் போடாது, கீழே பட்டை வைக்காது, கடிகாரம் காட்டாது. அவையெல்லாம் வேறு செயலிகளின் வேலை. பெரிய டெஸ்க்டொப்பில் பழகிய கண்ணுக்கு இது பழுதாகத் தெரியும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தெரிந்தது. இரண்டு தடவை அழித்து நிறுவிய பிறகுதான் வலது பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.

பட்டைக்கு டின்ட்2, பின்னணிப் படத்துக்கு ஃபெ, இந்த இரண்டும் எங்களுக்குப் போதும். இரண்டையும் நிறுவி, வீட்டுக் கோப்புறையில் புள்ளி கன்ஃபிக், அதற்குள் ஓப்பன்பொக்ஸ், அதற்குள் ஓட்டோஸ்டார்ட் என்ற கோப்பில் எழுதிவிடுங்கள்.

அம்பு அசைகிறது, மெனு மட்டும் வரவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டுமுள்ள கறுப்புக் கன்சோல் வரும். அதில் உள்நுழைந்து பிகிரெப் கட்டளையுடன் ஓப்பன்பொக்ஸ் என்று தட்டுங்கள். ஒரு எண் வந்தால் செயலி உயிரோடு இருக்கிறது, மெனுக் கோப்பில்தான் கோளாறு. அந்தப் பகுதிக்குக் கீழே போங்கள். எண் வராவிட்டால் அது எழும்பவே இல்லை. வீட்டுக் கோப்புறையில் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்று புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு ஒன்று இருக்கும். அதன் கடைசி இருபது வரிகளை வாசியுங்கள். உள்நுழையும் திரையைக் காட்டும் லைட்டிஎம் வழியாக வந்தவர்கள் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தினால் படத்திரைக்குத் திரும்பலாம்.

அம்புக்குறியே இல்லை என்றால் சாளர முகாமைச் செயலியை விட்டுவிடுங்கள். அது திரையில் படம் வரையும் எக்ஸ் சேவகனின் பிரச்சினை, பெரும்பாலும் திரை இயக்கி. நடந்ததைப் பதிந்துவைக்கும் எக்ஸின் லொக் கோப்பில் அடைப்புக்குறிக்குள் இரண்டு 'ஈ' எழுத்து உள்ள வரிகளை மட்டும் தேடுங்கள்.

கன்ஃபிகர் தொடங்கிய வேகத்திலேயே நின்றுவிடுகிறது

கட்டுவதற்கு வேண்டியவை இயந்திரத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பதுதான் கன்ஃபிகர். நின்ற இடத்துக்கு மேலே உள்ள வரியை வாசியுங்கள். இரண்டு வகைதான் எங்களுக்கு வந்திருக்கிறது.

முதல் வகை, 'பாங்கோ பொதி இல்லை', 'லிப்எக்ஸ்எம்எல் பொதி இல்லை' என்று சொல்வது. இங்கே பிள்ளைகள் குழம்புவது இயல்பு. பாங்கோ ஏற்கெனவே இயந்திரத்தில் இருக்கிறதே, பிரவுசரில் தமிழ் தெரிகிறதே என்பார்கள். ஓட்டுவதற்குத் தேவையான பொதி இருக்கிறது, கட்டுவதற்குத் தேவையானது இல்லை. டெபியனில் கட்டுவதற்கான பொதியின் பெயர் 'டெவ்' என்று முடியும். பாங்கோ, ஜிலிப், லிப்எக்ஸ்எம்எல்2, இம்லிப்2, எக்ஸ்11, எக்ஸ்ரண்டர், சினராமா, கர்சர் இவற்றின் டெவ் பொதிகள் வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடிக் களைக்காமல் பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளையுடன் பில்ட்-டெப் என்று எழுதி ஓப்பன்பொக்ஸின் பெயரைக் கொடுத்தால் எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும். அதற்கு முன் ஆப்டின் மூலப் பட்டியலில் டெப்-எஸ்ஆர்சி வரி திறந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆப்ட் அதையே சொல்லி மறுக்கும்.

இரண்டாவது வகை, 'புதிதாக உருவாக்கிய கோப்பு, விநியோகித்த கோப்புகளைவிடப் பழையது, கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்' என்ற பொருளில் வருவது. பெரும்பாலானவர்கள் இதை வாசிக்காமல் மூலநிரலை மறுபடி இறக்குவார்கள். நாங்களும் அரை நாள் அப்படிச் செலவழித்தோம். அந்த இயந்திரத்தில் திகதியைப் பார்த்தபோது அது 2009இல் இருந்தது. தாய்ப்பலகையில் உள்ள காசு போன்ற பற்றரி, சிஆர்2032, செத்துப்போயிருந்தது. மின்சாரம் போய்வந்தால் கடிகாரம் பழைய காலத்துக்கு ஓடிவிடும். அதே இயந்திரத்தில் ஆப்டும் 'பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கும், மூலநிரலைக் கட்டும் மேக் கட்டளையும் 'கடிகாரம் முரண்படுகிறது' என்று எச்சரிக்கும். மூன்றுக்கும் நோய் ஒன்றுதான். பற்றரியை மாற்றி, திகதியைச் சரிசெய்து, மூலநிரல் கோப்புறையை அழித்துப் புதிதாக விரித்துத் தொடங்குங்கள். முரண்பட்ட நேரத்தில் பாதி கட்டியதை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள்.

மேக் நடுவில் செத்துவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு கோப்பில்

'வேறு கோப்பில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரலில் பிழை இருந்தால் பத்துத் தடவை ஓட்டினாலும் அதே கோப்பில், அதே வரியில் நிற்கும். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், கம்பைலர் தனக்குள்ளேயே பிழை என்று சொல்லி விழுந்தால், சந்தேகம் ரம்மின் மேல்தான் போகவேண்டும்.

எங்கள் அறை கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாரியில் ஈரக்காற்று, மற்றக் காலத்தில் கச்சான் காற்றும் புழுதியும். ரம் துண்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் பொன்னிறப் பற்களின்மேல் மங்கலான படை ஒன்று படிந்திருக்கும். மின்னிணைப்பைப் பிடுங்கி, பிள்ளைகளின் அழிறப்பரால் அந்தப் பற்களை நீளவாட்டில் மெதுவாகத் தேய்க்கவேண்டும். தூளை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, துண்டைத் திரும்பக் குழியில் 'டக்' என்று இரு பக்கப் பிடியும் ஏறும்வரை அழுத்தவேண்டும். ஆறாம் இலக்க இயந்திரம் இப்படித்தான் பிழைத்தது. மூன்று நாள் நிரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். தேய்த்தும் சரிவராவிட்டால் இரவில் ரம்மைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓடவிட்டு, காலையில் சிவப்பு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓப்பன்பொக்ஸ் சி மொழியில் எழுதிய சின்ன நிரல். எங்கள் ஆமை வேக இயந்திரங்களிலும் சில நிமிடங்களில் கட்டி முடிந்துவிடும். ஒரு மணிநேரம் ஓடிக்கொண்டிருந்தால் வேறு ஏதோ பிழை.

நிறுவிவிட்டேன், ஓட்டினால் 'லைப்ரரியைத் திறக்க முடியவில்லை' என்கிறது

காணாமல் போனதாகச் சொல்லும் பெயர் ஓபிரெண்டர் அல்லது ஓபிடி என்று இருக்கும். இரண்டும் ஓப்பன்பொக்ஸ் தன்னோடு கட்டிக்கொண்டுவரும் லைப்ரரிகள். யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் அவை பத்திரமாக இருக்கின்றன. இயங்குதளத்தின் பட்டியலில்தான் இன்னும் பதியவில்லை. ரூட் என்ற நிர்வாகி உரிமையுடன் எல்டிகன்ஃபிக் என்ற கட்டளையை ஒரு தடவை ஓட்டுங்கள். முடிந்தது.

நிறுவிய மூலநிரல் கோப்புறையை அழிக்கவேண்டாம். நாளைக்கு அகற்ற நினைத்தால் அந்தக் கோப்புறைக்குள் நின்றுதான் மேக் அன்இன்ஸ்டால் சொல்லவேண்டும்.

நிரலில் மாற்றம் செய்து நிறுவினேன், பழையதே வருகிறது

டெபியன் பொதியும் நீங்கள் கட்டியதும் இரண்டும் இருக்கின்றன. விச் கட்டளையுடன் ஒரு கோடும் 'ஏ'யும் போட்டு ஓப்பன்பொக்ஸ் பெயரைக் கொடுத்தால் எங்கெங்கே இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒன்றை அகற்றிவிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உள்நுழையும் திரையில் ஓப்பன்பொக்ஸ் என்ற பெயரே இல்லை

லைட்டிஎம், யூஎஸ்ஆர் ஷெயரில் உள்ள எக்ஸ்செஷன்ஸ் கோப்புறையைத்தான் பார்க்கிறது. நீங்கள் கட்டியது தன் அறிமுகக் கோப்பை யூஎஸ்ஆர் லோக்கல் ஷெயருக்குள் வைத்திருக்கிறது. அங்கேயுள்ள ஓப்பன்பொக்ஸ் டெஸ்க்டொப் கோப்பை இங்கே பிரதி எடுங்கள். பிரதியைத் திறந்து, எந்தச் செயலியை ஓட்டுவது என்று சொல்லும் வரியில் 'ஓப்பன்பொக்ஸ்-செஷன்' என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். வெறும் 'ஓப்பன்பொக்ஸ்' என்று இருந்தால் உள்ளே போகலாம், ஆனால் ஓட்டோஸ்டார்ட் கோப்பை அது வாசிக்காது. இந்த ஒரு சொல்லால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

கடவுச்சொல் சரி, ஆனால் மறுபடி அதே உள்நுழையும் திரைக்கே வருகிறது

கன்சோலுக்குப் போங்கள். முதலில் டிஎஃப் கட்டளையால் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நூறு வீதம் என்றால் பிள்ளைகள் இறக்கிய வீடியோக்களை அகற்றினாலே கதவு திறந்துவிடும். அடுத்தது வீட்டுக் கோப்புறையிலுள்ள எக்ஸ்ஓதோரிட்டி என்ற மறைகோப்பு. அதன் உரிமையாளர் 'ரூட்' என்று இருந்தால், யாரோ சூடோ போட்டு, அதாவது ரூட் உரிமையுடன், ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டியிருக்கிறார்கள். சௌன் கட்டளையால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் மேலே சொன்ன டெஸ்க்டொப் கோப்பில் செயலியின் பாதை பிழைத்திருக்கும்.

வலது பொத்தான் அழுத்தினால் மெனு வரவில்லை, அல்லது நேற்றுவரை வந்தது இன்றைக்கு இல்லை

நேற்றுவரை வந்தது என்றால் நேற்று யாரோ மெனு டொட் எக்ஸ்எம்எல் கோப்பைத் தொட்டிருக்கிறார்கள். எக்ஸ்எம்எல் மன்னிக்காத சாதி. திறந்த அடையாளத்தை மூடாமல் விட்டால் முழு மெனுவும் போய்விடும். நாங்கள் அடிக்கடி செய்யும் பிழை அம்பர்சண்ட் குறி. 'படம் & பாட்டு' என்று அந்தக் குறியை அப்படியே எழுதினால் உடைந்துவிடும்; அதற்கு அம்பர்சண்ட், பின் 'ஏஎம்பி', பின் அரைப்புள்ளி என்று எழுதவேண்டும். நான் பிள்ளைகளிடம் 'உம்' போட்டு எழுதச் சொல்கிறேன்: 'படமும் பாட்டும்'. குறியும் தேவையில்லை, தமிழும் அழகாக இருக்கிறது.

எக்ஸ்எம்எல்லின்ட் என்ற கட்டளையிடம் கோப்பைக் கொடுத்தால் எந்த வரியில் உடைந்தது என்று சொல்லிவிடும். திருத்தியபின் ஓப்பன்பொக்ஸுக்கு 'ரீகன்ஃபிகர்' என்ற தெரிவைக் கொடுத்தால் போதும், வெளியேறத் தேவையில்லை.

புதிதாகக் கட்டியவர்களுக்கு, லொக் கோப்பில் 'செல்லுபடியான அமைப்புக் கோப்பு கிடைக்கவில்லை, எளிய இயல்புநிலைகளைப் பயன்படுத்துகிறேன்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கலாம். ஆர்சி டொட் எக்ஸ்எம்எல், மெனு டொட் எக்ஸ்எம்எல் இரண்டும் யூஎஸ்ஆர் லோக்கல் ஈடிசிக்குள் எக்ஸ்டிஜி கோப்புறையில் இருக்கும். அவற்றை உங்கள் புள்ளி கன்ஃபிக்குக்குள் உள்ள ஓப்பன்பொக்ஸ் கோப்புறைக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு மெனு போனால் கோப்பின் அளவைப் பாருங்கள். பூச்சியமாக இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கிறது. ஒரு யூஎஸ்பியில் இந்த இரண்டு கோப்புகளின் பிரதி எப்போதும் இருக்கட்டும்.

பின்னணிப் படம் வருகிறது, பட்டை வரவில்லை

ஓட்டோஸ்டார்ட் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் பாருங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் செயலிகளின் வரி முடிவில் அம்பர்சண்ட் குறி வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செயலி முடியும்வரை அடுத்த வரி காத்துக்கொண்டே நிற்கும். எதற்குப் பிறகு எதுவும் வரவில்லையோ, அந்தக் கடைசியாக வந்த செயலியின் வரியில்தான் குறி விடுபட்டிருக்கும். ஃபெ படத்தைப் போட்டுவிட்டுத் தானே வெளியேறிவிடும். அதற்குக் குறி அவசியமில்லை.

சாளரம் எல்லாம் மறைந்துவிட்டது

தரம் ஒன்பது பிள்ளை ஒருத்தி மூன்று பக்கம் கட்டுரை தட்டி முடித்த நிலையில் எழுந்து நின்று, "சேர், எல்லாம் போயிட்டுது" என்றாள். முகம் வெளுத்திருந்தது. திரையில் பின்னணிப் படம் மட்டும். "பிள்ளை, ஒண்டும் போகேல்ல. கையை மவுசில இருந்து எடு" என்றேன். வெற்றுத் திரையில் அம்பை வைத்து மவுஸின் சில்லை ஒரு படி உருட்டினேன். கட்டுரை அப்படியே திரும்பி வந்தது.

ஓப்பன்பொக்ஸ் இயல்பாக நான்கு மேசைகளோடு வரும். வெற்றுத் திரையில் சில்லை உருட்டினால் ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தெரிந்தவர்களுக்கு மிக வசதி. தெரியாத பிள்ளைக்கு அது கட்டுரை காணாமல் போவது. எந்தச் சாளரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, வெற்றுத் திரையில் சில்லையே பொத்தானாக அழுத்துங்கள். நான்கு மேசைகளிலும் திறந்திருப்பவை பெயரோடு வரும்; தேவையானதைச் சொடுக்கினால் அங்கே கூட்டிப்போகும்.

நாங்கள் ஆர்சி டொட் எக்ஸ்எம்எல்லில் மேசைகளின் எண்ணிக்கையை ஒன்றாக்கிவிட்டோம். ஆனால் கவனியுங்கள்: இந்த எண் ரீகன்ஃபிகருக்கு அசையாது. தொடங்கும்போதுதான் அது வாசிக்கப்படும். எண்ணை மாற்றி, ரீகன்ஃபிகர் கொடுத்து, மாறவில்லையே என்று நான் கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறேன். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் மாற்ற விரும்பினால் ஓபிகன்ஃப் என்ற கருவி இருக்கிறது.

'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது

சின்னத் திரைகளில் வருவது. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்திலும் இடது பொத்தானை அழுத்தி இழுங்கள். தலைப்புப் பட்டை திரைக்கு மேலே போனாலும் பரவாயில்லை. ஆல்ட்டோடு வலது பொத்தான் என்றால் அளவு மாறும்.

தமிழ் எழுத்து சரியாகத் தெரியவில்லை

எப்படிச் சரியில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. ஆகவே உற்றுப் பாருங்கள்.

பெட்டி பெட்டியாக வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. லோகித் தமிழ் அல்லது நோட்டோ பொதியை நிறுவுங்கள். எஃப்சி-லிஸ்ட் கட்டளையிடம் தமிழ் மொழிக்குறியைக் கொடுத்தால் எத்தனை எழுத்துரு இருக்கிறது என்று காட்டும்.

எழுத்து தமிழாகவே இருந்து கொம்பு மட்டும் பின்னால் நின்றால், அந்த இடத்தை வரையும் செயலி பாங்கோ போன்ற ஒன்றைப் பயன்படுத்தவில்லை. எத்தனை எழுத்துரு மாற்றினாலும் தீராது. ஓப்பன்பொக்ஸின் தலைப்பிலும் மெனுவிலும் இது வராது, டின்ட்2 பட்டையிலும் வராது. இரண்டும் பாங்கோவைத்தான் நம்பியிருக்கின்றன. எக்ஸ்டேர்ம் என்ற டேர்மினலில் வரும். அங்கே செயலியை மாற்றுவதுதான் வழி.

மூன்றாவது வகை எங்கள் ஊரில் அதிகம். கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அர்த்தமில்லாமல் நிற்கும். அது பாமினி. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே சேமிக்கப்படுவது அந்த ஆங்கில எழுத்துகள்தான். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இருந்து வரும் பழைய ஆவணங்கள் நிறைய இப்படித்தான் இருக்கின்றன. இதில் ஓப்பன்பொக்ஸ் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவியில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல் கலந்த ஆவணமாக இருந்தால் மாற்றியபின் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், அந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாக மாறிக் குழம்பியிருக்கும்.

தமிழ் விசைப்பலகை போட்டதிலிருந்து குறுக்குவிசைகள் வேலை செய்யவில்லை

ஆல்ட் எஃப்4 வேலை செய்கிறதா? ஆல்ட் டாப்? இரண்டும் வேலை செய்து, எழுத்து விசையோடு சேர்ந்தவை மட்டும் செத்திருந்தால் காரணம் இதுதான்: தமிழ் அமைப்பை மட்டும் ஏற்றியிருக்கிறீர்கள். டேர்மினலுக்கு விண்டோஸ் விசையும் 'டி'யும் என்று வைத்திருந்தால், இப்போது விசைப்பலகையில் 'டி' என்ற எழுத்தே இல்லை. லொக்கில் 'கேட்ட விசை திரையில் இல்லை' என்ற பொருளில் வரி வரியாக எழுதியிருக்கும்.

செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையில் இரண்டு அமைப்புகளைக் கொடுங்கள். முதலில் யூஎஸ், அடுத்து காற்புள்ளி, பிறகு இலங்கைக்கான எல்கே. வகை என்ற இடத்தில் முதலாவதை வெறுமையாக விட்டு, காற்புள்ளி போட்டு, தாம் அடிக்கோடு யூனிகோட் என்று எழுதவேண்டும். அந்தக் காற்புள்ளி விடுபட்டால் தமிழ் வகையை யூஎஸ்ஸில் தேடிவிட்டுப் பிழை சொல்லும். எல்கேயில் வகை சொல்லாமல் விட்டால் சிங்கள விசைப்பலகைதான் வரும். மாற்றுவதற்கு ஆல்ட்டும் ஷிஃப்டும் என்ற தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஓப்பன்பொக்ஸை ரீகன்ஃபிகர் செய்யுங்கள். இந்த வரி ஓட்டோஸ்டார்ட்டில் முதல் வரியாக இருப்பது நல்லது.

சாளர மெனு இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது

நாங்கள் மூலநிரலில் கை வைத்ததே இதற்காகத்தான். மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்புறையில் உள்ள வார்ப்பிலிருந்து தமிழுக்கு ஒரு கோப்பு எடுத்து, ஒவ்வொரு சொல்லாக எழுதினோம். சாளரத்தைத் தலைப்புப் பட்டை மட்டும் தெரியும்படி மடிக்கும் வசதிக்கு என்ன சொல்வது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவன், "பாய் சுருட்டுற மாதிரி இருக்கு சேர்" என்றான். 'சுருட்டு', 'விரி' என்றே வைத்தோம். பட்டைக்குப் போகவைப்பதற்கு 'கீழே வை'. அகராதிச் சொற்களைவிட இவை அவர்களுக்கு உடனே பிடிபட்டன.

எழுதிய பிறகும் ஆங்கிலமே வந்தால் மூன்று இடம் பாருங்கள். பிஓ கோப்புறையில் லிங்குவாஸ் என்ற கோப்பில் தமிழின் குறியீட்டைச் சேர்த்தீர்களா? சேர்த்தபின் கன்ஃபிகரை மறுபடி ஓட்டினீர்களா? மேக் மட்டும் ஓட்டினால் புதிய மொழி உள்ளே வராது. கடைசியாக, இயங்குதளத்தில் தமிழ் லொக்கேல், அதாவது தமிழுக்கான மொழி அமைப்பு, உருவாக்கப்பட்டிருக்கிறதா? டெபியனில் லொக்கேல்ஸ் பொதியை மறுஅமைப்புச் செய்து தமிழ், இலங்கை, யூடிஎஃப்-8 வரியைத் தெரிவுசெய்யவேண்டும்.

கட்டும்போது மொழிபெயர்ப்புக் கோப்பைச் சரிபார்க்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி பிழை சொன்னால், ஆங்கில வரியில் இருந்த சதவீதக் குறியும் 'எஸ்' எழுத்தும் உங்கள் தமிழ் வரியில் விடுபட்டிருக்கும். அந்த இடத்தில்தான் சாளரத்தின் பெயர் வந்து அமரும். தமிழில் அதை வாக்கியத்தின் முன்பக்கம் கொண்டுவரலாம், நீக்கக்கூடாது. ஒரு வரியில் அப்படி இரண்டு இருந்தால் வரிசையை மாற்றாமல் எழுதுங்கள்.

உங்கள் மெனு டொட் எக்ஸ்எம்எல்லில் உள்ள சொற்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை. அங்கே நேரடியாகத் தமிழில் எழுதி யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும்.

தமிழில் எழுதிவைத்த உதவிக் குறிப்பைக் கன்சோலில் திறந்தால் வாசிக்க முடியவில்லை

இதைத் திருத்த முடியாது. லினக்ஸின் எழுத்துக் கன்சோலில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்கள்தான் ஏறும், கொம்பை எடுத்து முன்னால் வைக்கவும் அதற்குத் தெரியாது. நான் இந்தக் குறிப்புகளையெல்லாம் முதலில் இயந்திரத்துக்குள்ளேயே, மேன் என்ற கட்டளையால் திறக்கும் உதவிப் பக்கமாக, மிகுந்த ஆசையோடு தமிழில் எழுதி வைத்தேன். ஒரு மாரிகாலப் பின்னேரம் நான்காம் இலக்க இயந்திரத்தில் படத்திரை எழும்பவில்லை. கன்சோலில் போய் என் குறிப்பையே திறந்தேன். வரி முழுக்க ஒரே மாதிரியான கட்டங்கள். குறிப்பு எப்போது தேவையோ அப்போது அதை வாசிக்க முடியாத இடத்தில் வைத்திருந்தேன்.

இப்போது இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று எச்டிஎம்எல் கோப்பு, படத்திரை வேலை செய்யும்போது பிரவுசரில் திறக்க. மற்றது தாளில், கதவுக்குப் பக்கச் சுவரில். கறுப்புத் திரை, திரும்பத் திரும்ப உள்நுழையும் திரை, மெனு வராமை, இந்த மூன்றும் கட்டாயம் தாளில் இருக்கவேண்டும். மற்றவை பிரவுசரில் இருந்தால் போதும். தாளில் தமிழ் விளக்கத்துக்குக் கீழே தட்டவேண்டிய கட்டளையை ஆங்கிலத்தில் பெரிய எழுத்துருவில், இடைவெளி எங்கே வருகிறது என்று தெரியும்படி அச்சிட்டிருக்கிறோம்.

புதுப் பிழை ஒன்று வந்தால் தாளின் அடியில் பென்சிலால் எழுதுகிறோம். முதலில் இயந்திர இலக்கமும் திகதியும். பிறகு திரையில் என்ன தெரிந்தது என்பதை, கண்ட பிள்ளை சொன்ன சொல்லிலேயே. 'செஷன் தோல்வி' என்று நான் எழுதினால் அடுத்தமுறை ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். 'எல்லாம் போயிட்டுது' என்று எழுதினால் உடனே விரல் வைப்பார்கள். அதற்குக் கீழே என்ன செய்தோம், எது பலிக்கவில்லை, எது பலித்தது. கடற்காற்றில் தாள் மூன்று நான்கு மாதத்தில் பழுத்துவிடும். அப்போது பென்சிலில் உள்ளதையும் சேர்த்துப் புதிதாக அச்சிட்டு மாட்டுகிறோம்.